கண் வைத்தவர் காலடி மண்

அந்த வருஷம் ஊரெல்லாம் ஒரே பேச்சு: சிறந்த கட்டடத்துக்கு ராஜா தரும் பொற்கோல் யாருக்கு? பாதிப் பேர் தலைமை ஸ்தபதி வச்சிரவேலுவின் மண்டபத்துக்கு என்றார்கள். மீதிப் பேர் வெளியூர்க்காரர் சாத்தப்பன் கட்டிய சத்திரத்துக்கு என்றார்கள். சத்திரம் என்ற சொல் காதில் விழுந்தாலே வச்சிரவேலுவுக்கு வயிறு எரியும்.

"ராஜா, என் மண்டபத்தின் மேல் ஊர்க்கண்ணே விழுந்திருக்கிறது," என்றார் காலைச் சபையில். "எதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்களோ, அதற்குத்தானே பரிசு?"

சொன்ன கையோடு வாசல் பெருக்கும் எசக்கியம்மாளைக் கூப்பிட்டார். "கண் வைத்தவர்களின் காலடி மண்ணைச் சாயங்காலத்துக்குள் கொண்டு வா. சுற்றிப் போடணும். வெறுங்கையோடு வந்தால் உனக்கு வேலை கிடையாது."

பொறாமைக்காரன் கால் எது என்று மண்ணிலா எழுதியிருக்கும்? எசக்கி முறத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம், காலடி அச்சுக் கலையாத ஈரமண்ணை முறத்தில் ஏந்திச் சபைக்கு வந்தாள். "சாமி, மண்டபத்தைச் சுத்தித் தேடினேன். காலையில நான் பெருக்கின விளக்குமாத்துக் கோடு அப்படியே கிடக்குது. ஒருத்தரும் வரலை."

"இது எங்கே எடுத்தது?" என்றார் ராஜா.

"சத்திரத்துக்குப் பின்னாடி, மகாராஜா. யாரோ ஜன்னலுக்கு ஜன்னல் நின்னு எட்டிப் பார்த்திருக்காங்க."

ராஜா குனிந்து பார்த்தார். குதிகால் தடத்தில் ஒரு தாமரை ஆணியின் அச்சு. சபை வாசலில் கழற்றி விட்டிருந்த வச்சிரவேலுவின் செருப்பை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தாமரை ஆணி அடித்து அதை அவருக்குப் பரிசளித்ததே ராஜாதான்.

"யாருக்குப் பரிசு என்று காலையில் நீரே சொல்லிவிட்டீரே," என்றார் ராஜா.

எசக்கி பணிவாகக் கேட்டாள். "அப்போ சத்திரத்துக்கே சுத்திப் போட்டுடவா, சாமி?"