ஊர்ப் பொது வெள்ளம்

கொள்ளிடக் கரையில் நாணல்மேடு என்று ஓர் ஊர். பெயரில் மட்டும்தான் மேடு. வானம் கறுத்தாலே தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஆற்றங்கரையில் விழுந்த உடைப்பை அடைக்கலாமா என்று ஊரார் பல வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவசரப்பட்டு ஒரு காரியத்தில் இறங்குகிற கெட்ட பழக்கம் அவர்களுக்குக் கிடையாது.

அந்த ஊரில் சிங்காரவேலுவுக்கு ஒரு மண்சுவர் வீடு இருந்தது. அவனே மண் குழைத்து எழுப்பியது. அதிலும் மேற்குச் சுவர் என்றால் அவனுக்கு உயிர். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த மாமனார் அதில் சாய்ந்து உட்கார்ந்துதான் கோசலையைக் கொடுக்கச் சம்மதித்தார். மழைக்காலம் வந்தால் அந்தச் சுவர் போய்விடுமோ என்று சிங்காரவேலுவுக்குச் சோறு இறங்காது. அதனால்தான் ஊரோடு சேர்ந்து அவனும் வெள்ளக் காப்பீடு எடுத்திருந்தான்.

இப்படி இருக்கையில் காப்பீட்டில் சீர்திருத்தம் வந்தது. சீர்திருத்தம் ஓர் அதிகாரி உருவத்தில் காரில் வந்து இறங்கி, மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசியது.

"சில ஊர்ல செவுத்துல தண்ணியத் தெளிச்சுப் போட்டோ புடிச்சு அனுப்புறாங்க. இனிமே அது நடக்காது. வெள்ளம் வந்தா நானே நேர்ல வந்து பாப்பேன். நான் பாக்குற வரைக்கும் எது எப்படி இருக்கோ அது அப்படியே இருக்கணும். ஒண்ணையும் மாத்தக் கூடாது. ஒரு வீட்ல மாத்துனாலும் காப்பீட்டுப் பணம் ஊருக்கே கெடையாது. இதப் பாத்துக்க நீங்களே ஒரு குழு போட்டுக்கங்க."

குழு போடுவதில் நாணல்மேட்டை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. குரல் பெரிதாக இருந்ததால் காத்தமுத்து தலைவரானார். ஊரில் மூக்குக்கண்ணாடி வைத்திருந்த ஒரே ஆள் என்பதால் பக்கிரிசாமி ஆலோசகரானார்.

ஐப்பசியில், உடைப்பு வழியாக, வழக்கம்போல வெள்ளம் வந்தது. சிங்காரவேலுவின் வீட்டுக்குள் விளக்கு மாடம்வரை ஏறி நின்றது. மழை விட்டதும் மெல்ல வடிய ஆரம்பித்தது. மேற்குச் சுவர் அசையவில்லை. சிங்காரவேலு அதைத் தடவித் தடவிப் பார்த்துக் கண் கலங்கினான். கோசலை வாளியை எடுத்து ஒரு வாளித் தண்ணீரை வெளியே வீசினாள். அதைப் பார்த்துத் தெருவிலிருந்து காத்தமுத்து அலறிக்கொண்டு வந்தார்.

"வாளியக் கீழ வையி தாயி. அதிகாரி வந்து பாத்தாரா?"

"இன்னும் வரலியே, தலைவரே."

"அப்பறம் தண்ணி எங்க போவுது?"

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். தண்ணீர் யாரிடமும் உத்தரவு கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.

பக்கிரிசாமி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "வெள்ளம் ஓடிப்போவுது. ஒரு வீட்லேர்ந்து ஓடுனாலும் ஊருக்கே கெடையாதுன்னு சொல்லியிருக்காரு. புடிச்சு வைக்கணும்."

உடனே ஊரே களிமண்ணோடும் சாக்கோடும் கிளம்பியது. வாசற்படி, கொல்லைக் கதவு, எலி வளை, ஒன்று விடாமல் அடைத்தார்கள். ஆற்று உடைப்பை அடைக்கப் பல வருஷம் ஆகியும் கை வராத ஊர், வீட்டு வாசலைப் பொழுது சாய்வதற்குள் அடைத்து முடித்தது. மனம் இருந்தால் எதைத்தான் செய்ய முடியாது.

அதிகாரிக்குத் தீபாவளி வந்தது. அப்புறம் சீர்திருத்தத்தைப் பற்றி ஒரு பயிற்சி வந்தது. அதற்குள் தெருவெல்லாம் காய்ந்து புழுதி பறந்தது. வீடுகளுக்குள் மட்டும் வெள்ளம் நின்றது. ஜனங்கள் தெருவில் சமைத்துத் தெருவில் படுத்தார்கள். காலையில் எழுந்ததும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, வெள்ளம் சௌக்கியமா என்று விசாரித்துக்கொண்டார்கள்.

வெள்ளம் சௌக்கியமாக இல்லை. நாளுக்கு நாள் குறைந்தது. எவனோ திருடுகிறான் என்று காவல் போட்டும் ஆள் அகப்படவில்லை. குழு கூடியது.

"வெயில்தான் எடுக்குது" என்றார் பக்கிரிசாமி.

"போலீஸ்ல சொல்லிடலாமா?" என்றார் காத்தமுத்து.

"சொல்லலாம். ஆனா வெயிலு எந்த ஸ்டேஷன் எல்லையில வருதுன்னு தெரியலியே."

சிங்காரவேலு தயங்கித் தயங்கிச் சொன்னான். "கொழாய்த் தண்ணிய ரெண்டு கொடம் ஊத்திட்டா என்ன?"

காத்தமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார். "கொழாய்த் தண்ணி எப்படிரா வெள்ளம் ஆவும்? அது மோசடி. நம்ம நேர்மையான ஊருடா."

கடைசியில் நேர்மையான ஒரு வழி பிறந்தது. எல்லார் வீட்டிலும் மிச்சமிருக்கிற வெள்ளத்தை ஒரே வீட்டில் சேர்த்து, பழைய மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஊர்ப் பொது வெள்ளமாகக் காட்டிவிடுவது. அதற்குக் கெட்டியான சுவர் உள்ள வீடு வேண்டும்.

"என் வீட்டுச் செவுரவிடக் கெட்டி எது?" என்றான் சிங்காரவேலு. அவன் வாயை யாரும் கிண்டவில்லை. அதுவாகத்தான் திறந்துகொண்டது.

பெண்கள் குடம் குடமாகச் சுமந்து வந்து ஊற்றினார்கள். வெள்ளம் மறுபடி விளக்கு மாடத்தைத் தொட்டது. சிங்காரவேலு பெருமையோடு மேற்குச் சுவரை அமுக்கிப் பார்த்தான். ஒரு கட்டி மண், நனைந்த வெல்லம்போலக் கையோடு வந்துவிட்டது. பதறி அதை ஒட்டவைத்தான். ஒன்றையும் மாற்றக் கூடாது என்பது நினைவுக்கு வரவே, மறுபடி பிய்த்து விழுந்த இடத்திலேயே போட்டுவிட்டு, காத்தமுத்துவிடம் ஓடினான்.

"தலைவரே, செவுத்துக்கு ஒரு மூங்கில் முட்டு குடுத்துக்கிறேன்."

"வெள்ளம் வந்தன்னைக்கு முட்டு இருந்துச்சா?"

"இல்லீங்க."

"அப்ப இன்னைக்கும் இருக்கக் கூடாது."

சிங்காரவேலுவுக்கு அழுகை வந்தது. கோசலைக்கு ஆத்திரம் வந்தது. "வெள்ளத்துல நின்ன செவுரு. இப்ப நீங்க காப்பாத்திக் காப்பாத்தியே கரைச்சுடுவீங்க போல இருக்கே" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே போய் இன்னொரு குடம் ஊற்றினாள். ஊர்க் காரியம் இல்லையா.

தை பிறந்த பிறகு அதிகாரி வந்தார். நிழல் பார்த்து, மேற்குச் சுவரை ஒட்டிய பள்ளச் சந்தில் காரை நிறுத்தினார்.

"தெருவெல்லாம் புழுதியா கெடக்கு. வெள்ளம் எங்கய்யா?"

"உள்ள இருக்கு சார்" என்றார் காத்தமுத்து, குரலைத் தாழ்த்தி.

அதிகாரி ஜன்னல் வழியே பார்த்தார். நடுக்கூடத்தில் கெளுத்தி மீன் ஒன்று குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தது. அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தண்ணி இருக்கு, சரி. சேதம் எங்க? செவுரு நல்லாத்தானே நிக்குது? சேதம் இல்லன்னா ஒண்ணும் கெடையாது."

சொல்லிவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்து, வெக்கைக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

இத்தனை நாள் சுவர் விழுந்துவிடுமோ என்று பயந்தவனுக்கு, இப்போது அது நிற்பதே குற்றமாகப் போயிற்று. சிங்காரவேலு சந்தில் இறங்கி, மாமனார் சாய்ந்த மாதிரியே சுவரில் சாய்ந்தான். மாமனார் சாய்ந்தபோது சுவர் காய்ந்திருந்தது.

அப்படியே பெயர்ந்து விழுந்தது. ஊர்ப் பொது வெள்ளம் மொத்தமும் சந்தில் பாய்ந்து, கார் கண்ணாடி வழியே உள்ளே போயிற்று. அதிகாரி மடிவரை தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். கெளுத்தி பக்கத்து ஸீட்டில் இருந்தது.

சேற்றிலிருந்து சிங்காரவேலு எழுந்தான். "சேதம் சார்" என்றான்.

"கதவத் தொறங்கய்யா, தண்ணி வெளிய போவட்டும்" என்று அதிகாரி கத்தினார். காத்தமுத்து ஓடிப்போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார்.

"காருக்குக் காப்பீடு இருக்குங்களா சார்?"

"இருக்குய்யா."

"அப்ப அதிகாரி வந்து பாக்கணும்ல?"

"நான்தான்யா அதிகாரி."

"ஒங்க வெள்ளத்த நீங்களே பாத்துக்கிட்டா மோசடி ஆயிடும் சார். வேற அதிகாரி வரட்டும்."

அதற்குள் சிங்காரவேலு விழுந்த சுவரின் மண்ணை அள்ளிக் குழைத்து, கார்க் கதவின் சந்துகளில் பூசத் தொடங்கிவிட்டான். அந்த மண்ணின் குணம் அவனைவிட யாருக்குத் தெரியும். பூசி முடித்துக் காரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தான். தாங்கியது. மனசு கொஞ்சம் ஆறியது.

கோசலை குடத்தோடு வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "மட்டம் சரியா இருக்கா?"

"அவரு ஒக்காந்திருக்கிற வரைக்கும் சரியா இருக்கும்" என்றார் பக்கிரிசாமி. பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உள்ளே குனிந்து, அதிகாரியிடம் பணிவாகச் சொன்னார். "எழுந்திரிச்சுடாதீங்க சார். நீங்க எழுந்தா மட்டம் எறங்கிடும். அப்பறம் ஊருக்கே கெடையாது."