நீலச்சிமிழும் காரியின் காதும்

காட்டோரத்தில் ஒரு குட்டை இருந்தது. மழையில் நிரம்பும், தை பிறந்தால் வற்றத் தொடங்கும். தண்ணீர் விலகிய ஈரச் சேற்றில் நீலச்சிமிழ் என்றொரு பூ பூக்கும். விரல்நுனி அளவுதான். பத்தே நாள்தான் இருக்கும். அந்தக் குட்டையை விட்டால் வேறெங்கும் கிடைக்காது.

மினுக்கி என்ற மண்தேனீக்கு அந்தப் பூதான் உயிர். வேறு எந்தப் பூவின் மகரந்தத்தையும் அவள் குஞ்சுகள் தொடாது. அப்படிப் பிடிவாதக்காரக் குஞ்சுகள்!

அதே குட்டைக்குத் தினமும் காரி என்ற எருமையும் வருவாள். கரைப் புல்லை மேய்வாள், சேற்றில் புரள்வாள், எழுந்து போவாள்.

ஒருநாள் அவள் காலடியில் இரண்டு பூக்கள் நசுங்கிவிட்டன. துடுக்கன் என்ற தவளை அதைப் பார்த்துவிட்டான். அவனுக்கு உடம்பில் பாதி வாய்தான்.

"ஐயோ, போச்சே! இந்தத் தடிமாடு இப்படியே மிதிச்சா ஒரு பூவும் மிஞ்சாது!"

"தெரியாம கால் பட்டுடுச்சு. விடுப்பா!" என்றாள் காரி.

"பார்த்தியா மினுக்கி? எருமை மேல மழை பெஞ்ச மாதிரி நிக்கறா! உன் பிள்ளைங்க பட்டினி கிடந்தா அவளுக்கென்ன?"

பிள்ளைகள் என்றதும் மினுக்கிக்குப் பதறியது. முன்பின் யோசிக்காமல் பறந்துபோய், காரியின் இடது காதில் நறுக்கென்று கொட்டினாள்!

"அம்மா!" என்று அலறிக்கொண்டு காரி ஓடினாள். ஓடும்போது ஒரு கால் சேற்றில் ஆழமாகப் புதைந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு போனவள், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. துடுக்கன் மூன்று நாள் விடாமல் கத்திக் கொண்டாடினான்.

அடுத்த ஆண்டும் மழை பெய்தது, குட்டை நிரம்பியது. தையும் வந்தது, தண்ணீரும் வற்றியது. பூவைத்தான் காணோம்! கரை முழுக்கப் புல் மண்டிக் கிடந்தது.

"துடுக்கா, பூ எங்கே?"

"வரும், வரும்! அவசரப்பட்டா ஆகுமா?"

ஐந்து நாள் போய்விட்டது. குஞ்சுகளுக்காக மண்ணில் தோண்டிய அறைகள் வெறுமையாகக் கிடந்தன. மினுக்கி அழுதுகொண்டே சுற்றினாள்.

ஆறாம் நாள் ஒரே ஒரு நீலப் பூ கண்ணில் பட்டது. அது ஒரு குழிக்குள் பூத்திருந்தது. சுற்றிலும் புல், குழிக்குள் மட்டும் புல் இல்லை. உற்றுப் பார்த்தால், காரி ஓடியபோது புதைந்த குளம்பின் தடம்!

மினுக்கி புல்லுக்குள் புகுந்து பார்த்தாள். அடியில் நூறு நீலச்சிமிழ்ச் செடிகள் வெயில் படாமல் வெளிறி, மொட்டு விரிக்க முடியாமல் கிடந்தன.

"அடப் பாவி நான்! களை எடுத்தவளையே கொட்டித் துரத்திட்டேனே!"

உடனே காரியைத் தேடி மலையடிவாரத்துக்குப் பறந்தாள். அங்கே காரி மேய்ந்துகொண்டிருந்தாள்.

"ஐயோ! காது பக்கம் வராதேடி!"

"கொட்ட வரலக்கா, மன்னிப்புக் கேட்க வந்தேன். குட்டையில புல் மண்டிப்போச்சு. நீ வந்து மேயலேன்னா என் பிள்ளைங்க பொழைக்காது."

"நான்தான் தடிமாடாச்சே!"

"அது துடுக்கன் சொன்னது. ஆனா, கொட்டினது நான்தான். தப்பு என்னோடது."

காரி கொஞ்ச நேரம் அசைபோட்டாள். "ஆமா, புல் எவ்வளவு உயரம்?"

"உன் வயிறு வரைக்கும்!"

"இதை முதல்லயே சொல்லக் கூடாதாடி!"

இரண்டே நாளில் கரைப் புல்லையெல்லாம் காரி மேய்ந்து தீர்த்தாள். வெயில் பட்டதும் மொட்டுகள் விரிந்தன. குட்டையைச் சுற்றி ஒரே நீலம்! மினுக்கியின் அறைகளெல்லாம் மகரந்தத்தால் நிறைந்தன.

புரண்டு எழுந்த காரியின் காலில் இந்தத் தடவை ஐந்து பூக்கள் நசுங்கின. துடுக்கன் வாயைத் திறந்தான். மினுக்கி அவன் பக்கம் திரும்பினாள், அவ்வளவுதான்! வாயை மூடிக்கொண்டு தண்ணீருக்குள் குதித்துவிட்டான்.

ஒருவர் மிதித்ததை மட்டும் பார்த்துத் துரத்தினால், அவர் காத்துவந்ததையும் சேர்த்து இழப்போம்.