பிள்ளையார் கோயில் மேள மெஷின்

மேள மெஷின் வந்தது. ஆள் வருவது நின்றுபோனது.

பஸ் ஸ்டாண்டு ஓரத்துப் பிள்ளையார் கோயில். சுவிட்சைப் போட்டால் முரசு தானே அடிக்கும், மணி தானே ஆடும். வாங்கிக் கொடுத்தவர் பொன்னம்பலம், ரிட்டயரான வயர்மேன். பெட்டி மேல் ‘உபயம்’ என்று அவர் பெயர், சிவப்பு பெயிண்டில்.

அவரே தன் குருவிடம், அங்கே பூசை செய்யும் சாமியாரிடம், வந்து புலம்பினார். சாமிக்கு இந்தச் சீடரைவிடப் பத்து வயது குறைவு. கோபம் மட்டும் அதிகம்.

“சாயங்கால பூசைக்கு ஒரு ஈ காக்கா இல்லை, சாமி.”

“முன்னே யாரு வந்தாங்க?”

“பூக்காரப் பேச்சியம்மா மணி அடிக்கும். டீக்கடை இருளப்பன் சேகண்டி. முரசுக்கு ஆட்டோக்காரனுங்க ரெண்டு பேர் அடிச்சுக்குவானுங்க.”

“இப்ப?”

“கூப்பிட்டா, ‘அதான் மெஷின் அடிக்குதே, நாங்க எதுக்கு’ங்கறாங்க.”

“ம்.”

“இதைவிடப் பெரிய மெஷினா வாங்கிப் போட்டா, சத்தம் கேட்டு வருவாங்களா சாமி?”

தேங்காய் கீறிக்கொண்டிருந்த சாமியின் கத்தி நின்றது.

“போய்க் குளிச்சிட்டு வா.”

ஆறு மணி. சாமி சூடத்தை ஏற்றினார். பொன்னம்பலம் சுவிட்சைப் போட்டார்.

சத்தமில்லை.

மறுபடி போட்டார். தட்டினார். பெட்டியைக் குலுக்கினார். சூடம் பாதி எரிந்துவிட்டது. அவருக்கு வியர்த்தது.

இருளப்பன் வாசலில் எட்டிப் பார்த்தான். “என்ன அண்ணே, மேளத்தைக் காணோம்? தெருவுல ஏதும் சாவா? பூசையை நிறுத்திட்டீங்களா?”

“சாவுமில்லை, மண்ணுமில்லை. மெஷின் படுத்துருச்சு. நீ அடிடா!”

சேகண்டியை எடுத்தான். தூசி பறந்தது.

பேச்சியம்மா கூடையோடு ஓடிவந்தாள். “யாரு செத்தான்னு பதறிட்டேன், பாவி மனுஷா!” மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

முரசுக்கு ஆட்டோக்காரர்கள் இரண்டு பேருக்கும் சண்டை. தாளம் தப்பியது. யார் கவலைப்பட்டார்கள்?

பொன்னம்பலத்துக்கு மூச்சு வந்தது.

எல்லோரும் சுண்டல் வாங்கிப் போனபின் பெட்டியைத் திருப்பினார். வயர் துண்டாகிக் கிடந்தது. முப்பது வருஷம் வயர் பார்த்த கண். வெட்டு நேராக இருந்தது. ஓரத்தில் தேங்காய்த் துணுக்கு ஒட்டியிருந்தது.

துணுக்கை விரலில் எடுத்துப் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்தது.

“சாமி, இது யார் வேலை?”

சாமி ஒரு சில்லுத் தேங்காயை எடுத்து, பிள்ளையாருக்கு எதிரே கல்லாய் உட்கார்ந்திருந்த வாகனத்தின் முன் வைத்தார்.

“வேற யாரு? மூஞ்சூறுதான்.”