பட்டத்து யானையின் துக்கம்

எந்த நாடு, எந்த ராஜா என்றெல்லாம் குடையாதீர்கள். முன்னொரு காலத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவிழா நெருங்கும் நேரம் பார்த்துப் பட்டத்து யானை மங்களவல்லி படுத்துக்கொண்டது! கரும்பைத் தொடவில்லை. ராஜாவே வந்து நின்றும் தும்பிக்கையைத் தூக்கவில்லை. ராஜாவுக்கு வந்ததே கோபம்!

"கொழுப்பு, மகாராஜா!" என்றார் யானைக் கொட்டடி அதிகாரி பரமானந்தர். "அங்குசத்தால் நாலு குத்து குத்துவோம். எழாவிட்டால் மரம் இழுக்க விற்றுவிடலாம்."

விகடகவி வேம்பையன் குறுக்கே வந்து நின்றான். "பிரபு, அது மனம் ஒடிந்து கிடக்கிறது. தழை சுமந்து வரும் கழுதைதான் அதற்கு உயிர்த்தோழன். பட்டத்து யானைக்குக் கழுதை சிநேகமா என்று இவர் அதைத் துரத்தினார். அன்றோடு சாப்பாடு போயிற்று."

பரமானந்தர் விழுந்து விழுந்து சிரித்தார். "விலங்குக்கு ஏதய்யா மனம்? வேளைக்குத் தீனி, பட்டு விரிப்பு, தங்கச் சங்கிலி! இத்தனையும் இருந்தால் எந்த உயிருக்குத் துக்கம் வரும்?"

"நாளைக் காலைக்குள் நிரூபி, வேம்பையா! தவறினால் யானையோடு நீயும் மரம் இழுப்பாய்" என்றார் ராஜா.

"உத்தரவு! எந்த உயிருக்கும் வராதாமே? பரமானந்தரும் ஓர் உயிர்தானே, பிரபு!"

அவ்வளவுதான், ராஜா தலையசைத்ததும் பக்கத்துக் கொட்டடியில் பட்டு விரித்துப் பரமானந்தரை உட்காரவைத்தார்கள். லட்டு, அதிரசம் குவித்தார்கள். தங்கச் சங்கிலி பூட்டினார்கள். ஒருவரும் அவரோடு பேசக் கூடாது, அது மட்டும்தான் கட்டளை. பரமானந்தர் பகலெல்லாம் வெளுத்துக் கட்டினார். பொழுது சாய்ந்ததும் காவலர்களை வம்புக்கிழுத்தார். அவர்கள் வாயே திறக்கவில்லை.

விடிந்ததும் ராஜா வந்தார். லட்டெல்லாம் ஈ மொய்த்துக் கிடந்தது. பரமானந்தர் சுவரைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ராஜாவுக்கு ஒரு வணக்கம்கூட இல்லை!

"கொழுப்பு, மகாராஜா!" என்று கத்தினான் வேம்பையன். "அங்குசம் எங்கே?"

"ஐயோ, கொழுப்பில்லை!" பரமானந்தர் அலறி எழுந்தார். "பேச ஓர் ஆளில்லாமல் மனசே விட்டுப்போயிற்று! என் சம்சாரத்தைக் கூப்பிடுங்கள், வந்து திட்டினாலும் போதும்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாசலில் வேம்பையன் கட்டிவைத்திருந்த கழுதை குரல் கொடுத்தது. மறுகணம் கொட்டடியே அதிரப் பிளிறி எழுந்தாள் மங்களவல்லி! கட்டை அவிழ்த்ததும் ஓடி வந்த கழுதையை வளைத்து அணைத்தாள். கரும்பை எடுத்து முதல் துண்டை அதன் வாயில்தான் வைத்தாள். ராஜாவின் கண் கலங்கிவிட்டது.

தன் முத்துமாலையைக் கழற்றி வேம்பையனுக்குப் போட்டார். திருவிழா ஊர்வலத்தில் யானைக்குப் பக்கத்தில் பட்டுப் போர்த்திய கழுதையும் நடந்தது. அதன் கயிற்றைப் பிடித்து வந்தவர் பரமானந்தர். வழிநெடுக அதனோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போனாராம்!