அவசரத்துக்கு ஒரு பெயர்

பூவராகனுக்கு அன்று தியானம் கூடவில்லை. கண்ணை மூடுவார், இரண்டே நிமிடத்தில் திறந்து, சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்ப்பார். மூன்றாம் முறை திறந்தபோது எதிரே குரு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குரு திலகவதி அம்மாளுக்கு வயது நாற்பத்திரண்டு. பூவராகனுக்கு அறுபத்தொன்று; ஓய்வுபெற்ற மின் பொறியாளர். மனைவி இறந்த பிறகு, கொல்லிமலை அடிவாரத்திலிருந்த அந்தத் தியான நிலையத்துக்கு வந்து சேர்ந்தவர்.

"என்ன ஆயிற்று?" என்றார் குரு.

"பத்து நாளைக்கு முன்னால் எவனோ என் மெயிலுக்குள் புகுந்துவிட்டான் அம்மா. தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் என் பெயரில் அசிங்கம் அசிங்கமாக எழுதி அனுப்பியிருக்கிறான். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தேன். இனிமேல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வைத்து, மொத்தத்தையும் ஒரே இடத்தில் பூட்டிக்கொடுக்கிற ஆப் வேண்டும். போனிலும் ஓடவேண்டும், கம்ப்யூட்டரிலும் ஓடவேண்டும்."

"கிடைக்கவில்லையா?"

"ஒன்பது பார்த்துவிட்டேன். ஒன்று போனில் நன்றாக இருக்கிறது, கம்ப்யூட்டரில் திணறுகிறது. ஒன்றை ஏற்கெனவே உடைத்திருக்கிறார்களாம். இன்னொன்று இலவசம், நாளைக்குக் கடையை மூடிவிட்டுப் போனால்? சோறு இறங்கவில்லை அம்மா. எதை நம்பலாம், நீங்களே சொல்லுங்கள்."

"பழைய பாஸ்வேர்டை மாற்றிவிட்டீர்களா?"

"ஆப்பை முடிவு செய்ததும் ஒரேயடியாக மாற்றிக்கொள்ளலாம் என்று..."

"உள்ளே வந்தவன் அதுவரை பொறுத்திருப்பதாகச் சொன்னானா?"

பூவராகன் சட்டென்று எழுந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் அலுவலக அறைக் கம்ப்யூட்டருக்கு ஓடினார்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் திரும்பி வந்தார். முகம் இன்னும் தெளியவில்லை.

"முடிந்ததா?"

"முதலில் மெயிலை மாற்றினேன். பிறகு ஒன்பதில் பெரிய குறை இல்லாத ஒன்றை எடுத்து இரண்டிலும் போட்டுவிட்டேன். அதைத் திறக்க ஒரே பாஸ்வேர்டு. அது என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது."

"அப்புறமும் ஏன் நின்றுகொண்டே இருக்கிறீர்கள்?"

போனை நீட்டினார்; குரு வாங்கிப் பார்த்தார். திரையில் ஒரு காலிக் கட்டம். உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் இதைத் திறக்க யாரை அனுமதிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தது.

"தாண்டிப் போய்விடலாம், அம்மா. ஆனால் நான் திடீரென்று போய்விட்டால் வீட்டுப் பத்திரத்திலிருந்து அவள் அம்மாவின் போட்டோ வரை எல்லாம் உள்ளேயே கிடந்து மக்கிவிடும்."

"அவள் என்றால் கோதைதானே? உங்கள் மகள். அவள் பெயரைப் போடுங்கள்."

பூவராகன் ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார்.

"அவள் தானாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். நான் போகவில்லை. மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது அந்த அசிங்கம் அவளுக்கும் போயிருக்கிறது. அப்பாதான் எழுதினார் என்று நினைத்திருப்பாள்."

"நீங்கள் எழுதவில்லை என்று சொன்னீர்களா?"

"எந்த முகத்தோடு கூப்பிடுவேன்?"

பிறகு பூவராகன் குருவின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா? உங்களைத் தவிர நான் நம்புகிறவர்கள் யாரும் இல்லை."

"தாராளமாகப் போடுங்கள்." குரு போனை அவர் கையில் திருப்பி வைத்தார். "உங்கள் காலம் முடிந்த அன்றைக்கு நான் இதைத் திறப்பேன். திறந்து, முதலில் யாரைக் கூப்பிட வேண்டும்?"

பூவராகன் போனில் கோதையின் எண்ணைத் தேடத் தொடங்கினார்.