முதுகில் பட்ட அம்பு

கடல் வாணிகம் யாருக்கு என்று சோழப் படையும் கடாரத்துப் படையும் மோதிக்கொண்டன. கடவுள் புண்ணியத்தில் சோழர் ஜெயித்தார்கள். ஜெயித்து என்ன, படகு படகாகப் பிணம்தான் கரைக்கு வந்தது.

துடுப்புப் போடும் எயினனின் தம்பியும் அதில் ஒருவன். வீரனுக்கு நடுவதுபோலத் தம்பிக்கும் ஒரு நடுகல் வேண்டும் என்று எயினன் ராஜாவிடம் கேட்டான். பக்கத்தில் நின்ற தளபதி பல்லவரையன் சிரித்தான்.

"அம்பு முதுகில் அல்லவா பாய்ந்திருக்கிறது! புறமுதுகு காட்டி ஓடினவனுக்குக் கல் எதற்கடா? மார்பில் ஒரு காயம் காட்டு, நட்டுவிடலாம்."

எயினனுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"சாமி, துடுப்புப் போடுறவன் எதிரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாத்தான் படகு எதிரிகிட்டப் போகும். திரும்பி ஓடியிருந்தா மார்புலதான் பட்டிருக்கும்."

ராஜா தளபதியை ஏற இறங்கப் பார்த்தார். "உமக்கு ஒரு கீறல்கூட இல்லையே?"

"எப்படிப் படும் மகாராஜா?" என்றான் எயினன். "அவர் எங்க படகுலதான், எங்க முகத்துக்கு நேரே குனிஞ்சு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வந்த அம்பெல்லாம் எங்க முதுகிலேயே நின்னுபோச்சு."



கல் நட்டார்கள். தம்பியின் முதுகை அம்போடு செதுக்கச் சொன்னார் ராஜா. எயினன் அந்தக் கல்லில் சாய்ந்து உட்கார்ந்தான். அப்படியே தூங்கிப்போனான், பாவம்.