வாசனை போன தீவு

ஒரு ஊர்ல ஒரு மூக்கு இருந்துச்சு. சிரிக்காத, நெசமாத்தான். மூக்குக்குப் பின்னால பூதம் கணக்கா ஒரு ஜின்னு. கடலுக்குள்ள ஒரு குட்டித் தீவுல தனியா குந்திக்கிட்டு, கரைப் பக்கமா மூக்க நீட்டி, ஸ்ஸ்ஸ்ர்ர்ருன்னு மூச்ச இழுத்துக்கிட்டே இருக்கும். கேக்குறியா தங்கம்?

"ம்."

அது இழுக்குற இழுப்புல ஊர்க் காத்தெல்லாம் கடலுக்குத்தான் போவும், திரும்பாது. பாய் விரிச்சுப் போன தோணிங்களும் அப்படித்தான். கரைல நின்னு பாத்தா தூரத்துல நகக்கண்ணு அளவுக்குத் தெரியும், அம்புட்டுத்தான். அதுல ஒரு தோணி மைமூனப் பெத்த வாப்பாவோடது. மைமூன், முன்பல்லு விழுந்த ஒரு சின்னப் பொண்ணு. வாப்பாவுக்குக் குடிதண்ணி தீந்துபோயிருக்குமேன்னு தெனமும் கரைக்கு ஓடிப்போயிப் பாப்பா.

ஊர்க்காரங்க தீவப் பாத்துக் கத்துனாங்க. தகரத்தத் தட்டுனாங்க, டமார் டமார். கல்லையும் வீசுனாங்க. ஜின்னு அசையல.

அப்புறம் ஒரு நா, உம்மா அடுப்புல கருவாட்டு ஆணம் கொதிக்குது, கொழம்பு களபுள களபுளன்னு. மைமூன் பொகையவே பாக்குறா. அது வளையாம நெளியாம நேரா தீவுக்குப் போவுது.

"உம்மா, ஆணத்துல தண்ணியக் கூட ஊத்தியாவது பக்கத்து வீட்டுக்குக் குடுக்கணும்னு நம்ம நபி சொன்னாங்கல்ல?"

"ஆமா, அதுக்கென்ன?"

"அப்போ ஜின்னு வீட்டுக்கு?"

உம்மாவுக்கு அகப்பை கைலயே நின்னுபோச்சு. "அடி இவளே! அது ஒரு வீடாடி?"

"நம்ம வாசன தெனமும் போற வீடும்மா."

உம்மா ஆணத்துல ஒரு செம்பு தண்ணிய ஊத்துனாங்க. கும்பா நெறய சோறு வச்சு, மேல ஆணத்த ஊத்துனாங்க. "அல்லா பேரால பிஸ்மி சொல்லிட்டுப் போ. கடல் வத்திருக்கு, முழங்கால் தண்ணிதான். நான் கரைலயே நிப்பேன்."

மைமூன் நடந்தா, சளக் சளக். மொதல்ல காக்காக் கூட்டம், கா கா கா! முக்காட்ட எடுத்துக் கும்பாவ மூடிக்கிட்டா. அப்புறம் ஒரு அலை, தொபீர்! ஆளு நனஞ்சுட்டா, கும்பா தலைக்கு மேல. மூணாவதுதான் பொல்லாதது. அது அவ வயிறு! குர்ர்ர்ருன்னுச்சு. காலைலேருந்து ஒண்ணும் திங்கல. ஒரே ஒரு கருவாட்டுத் துண்ட எடுத்தா யாருக்குத் தெரியும்?

"அல்லாவுக்கு..."

ஆமா என் தங்கம். அவளும் அதத்தான் சொல்லிக்கிட்டா.

தீவுல கால வச்சதும் ஜின்னு வந்துச்சு எதுக்க. பனமர ஒசரம். மைமூன் கும்பாவக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு அண்ணாந்து பாத்தா.

"அஸ்ஸலாமு அலைக்கும், பக்கத்து வீட்டு மாமா!"

ஜின்னுக்கு மூச்சே நின்னுபோச்சு. "வ... வஅலைக்குமுஸ்ஸலாம். மாமாவா? இந்தப் பக்கம் கல்லுதான் வரும்."

"இன்னைக்கு ஆணம் வந்திருக்கு. ஆறுது, சாப்புடுங்க."

"தெனமும் வாசன வரும் புள்ள. பங்கு வந்ததே இல்ல"ன்னு சொல்லி ஜின்னு கண்ணத் தொடச்சுக்கிச்சு. பிஸ்மி சொல்லி ஒரே வாய், லபக்! அப்புறம் காலிக் கும்பாவப் பாத்து மொகம் வாடிப்போச்சு. "அடுத்த வீட்டு ஏனத்த வெறுமையா திருப்பக் கூடாதே. என்கிட்ட ஒண்ணுமில்லயே."

மைமூன் ஓட்டப்பல்லு தெரியச் சிரிச்சா. "சாப்புட்டு முடிச்சா அல்லாவுக்கு நன்றியா என்ன சொல்லணும் மாமா? அதச் சொல்லுங்க, போதும்."

ஜின்னு வாயத் தொறந்துச்சு. எத்தன காலமா இழுத்து வச்ச மூச்சு!

"அல்ஹம்துலில்லாஹ்ஹ்ஹ்ஹ்...!"

உய்ய்ய்ய்ங்! காத்து கரைப் பக்கம் திரும்பிடுச்சு. பட பட படன்னு பாயெல்லாம் பொடச்சுக்கிட்டு, தோணிங்க ஒண்ணு பின்னால ஒண்ணா ஓடியாருது. மொதத் தோணி தீவோரமா வந்து மைமூன அள்ளி ஏத்திக்கிச்சு. அவ வாப்பா தோணிதான். உதடு வெடிச்சுக் கெடக்கு, ஆனாலும் வாப்பாவுக்குச் சிரிப்பு.

"என்னடி மவளே, கைல வெறுங்கும்பா?"

"வெறுங்கும்பாவா? இதுல வந்த காத்துலதான் வாப்பா நீங்க வந்தீங்க!"

அதுலேருந்து அந்த ஊர்ல யாரு ஒலை வச்சாலும் தீவுக்கு ஒரு கும்பா போவும். பதிலுக்கு ஒரு நல்ல காத்து வரும். இந்தா, சன்னல் வழியா வருது பாரு...

"..."

ம் கூட காணோம். தோணி கரை சேந்தாச்சு, கதையும் சேந்தாச்சு. தூங்கு தங்கம்.